கணினியிலேயே இருக்கும் வசதிகள்

வேலைக்கு விண்ணப்பிக்கிறவரிடம் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் கோப்பாகக் கேட்கிறார்கள். அவர் கையில் இருப்பதோ செல்போனில் எடுத்த நாலைந்து படங்கள். பலரும் கூகுளில் தேடி, முதலில் கண்ணில்படும் இலவசத் தளத்தைத் திறந்து, அத்தனை சான்றிதழ்களையும் அதில் ஏற்றிவிடுகிறார்கள். தளம் யாருடையது, ஏற்றிய படங்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன, எப்போது அழிக்கப்படும் என்பதை எத்தனை பேர் பார்க்கிறார்கள்? ஒருவருடைய பெயர், பிறந்த தேதி, முகவரி, ஆதார் எண் எல்லாம் அந்த ஒரே நிமிடத்தில் முகம் தெரியாத யாரிடமோ போய்ச் சேர்கின்றன.

படங்களை ஒரே பிடிஎஃப் ஆக்கும் வேலைக்கு இணையமே தேவையில்லை. 2015-இல் வந்த விண்டோஸ் 10 முதற்கொண்டு, 'மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்' என்ற பெயரில் ஒரு பிரின்டர் கணினியிலேயே இருக்கிறது. காகிதத்தில் அச்சடிப்பதற்குப் பதிலாக அது பிடிஎஃப் கோப்பை உருவாக்கித் தரும். வேண்டிய படங்களை ஒரே ஃபோல்டரில் போட்டு, 1, 2, 3 என வரிசையாகப் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, முதல் படத்தின் மேல் வலது கிளிக் செய்து 'பிரின்ட்' கொடுக்க வேண்டும். விண்டோஸ் 11-இல் அந்தச் சொல் உடனே தென்படாவிட்டால் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் இருக்கும். திறக்கும் சாளரத்தில் பிரின்டர் பட்டியலிலிருந்து இந்த பிடிஎஃப் பிரின்டரைத் தேர்ந்தெடுத்தால் படங்கள் எல்லாம் ஒரே கோப்பாகிவிடும்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அதே சாளரத்தின் கீழே 'ஃபிட் பிக்சர் டு ஃபிரேம்' என்றொரு கட்டம் இருக்கும். அதில் உள்ள டிக்கை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பக்க அளவுக்குப் பொருந்துவதற்காகப் படத்தின் ஓரங்கள் வெட்டுப்படும். சான்றிதழில் முத்திரையும் கையெழுத்தும் பெரும்பாலும் ஓரத்தில்தானே இருக்கின்றன!

விண்ணப்பப் படிவத்தை நிரப்பும்போது பெயர், முகவரி, பதிவு எண் என்று ஒவ்வொன்றாக காப்பி செய்து ஒட்ட வேண்டியிருக்கும். ஸெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் 1970-களில் உருவாக்கிய கட், காப்பி, பேஸ்ட் முறை உலகெங்கும் பரவியது. ஆனால் கடைசியாக காப்பி செய்த ஒன்று மட்டுமே கணினியின் நினைவில் நிற்கும் என்ற நிலை விண்டோஸில் வெகுகாலம் நீடித்தது. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 மேம்பாடு அதை மாற்றியது. கன்ட்ரோல் விசைக்குப் பதிலாக விண்டோஸ் விசையோடு 'வி'யை அழுத்தினால், அதுவரை காப்பி செய்தவை பட்டியலாக வரும். முதல் முறை மட்டும் 'டர்ன் ஆன்' கொடுத்து வசதியை இயக்க வேண்டும். பட்டியலில் 25 வரை நிற்கும். அதன்பின் பழையவை ஒவ்வொன்றாக நீங்கும். அடிக்கடி தேவைப்படும் முகவரி, வங்கிக் கிளையின் ஐஎஃப்எஸ்சி குறியீடு போன்றவற்றை 'பின்' செய்து வைத்தால், கணினியை அணைத்துப் போட்ட பிறகும் அவை இருக்கும்.

சொந்தக் கணினிக்கு இது வரம். பிரவுசிங் சென்டரிலோ அலுவலகத்துப் பொதுக் கணினியிலோ இதுவே ஆபத்தாகலாம். காப்பி செய்த பாஸ்வேர்டும் அந்தப் பட்டியலில் ஏறியிருக்கும். அடுத்து வந்து உட்காருகிறவர் அதே இரண்டு விசைகளை அழுத்தினால் அவருக்கும் தெரியும். எழுந்து போகும் முன் பட்டியலைத் திறந்து 'கிளியர் ஆல்' கொடுப்பது அவசியம்.

தமிழில் தட்டச்சு செய்வதற்காக எங்கிருந்தோ ஒரு மென்பொருளைத் தேடி நிறுவும் வழக்கமும் இன்னும் போகவில்லை. விண்டோஸ் 10-இன் 2019 மே மேம்பாட்டிலேயே தமிழ் 99 விசைப்பலகை வந்துவிட்டது. ஆங்கில எழுத்துகளில் 'அம்மா' என்று ஒலிப்படி அடித்தால் தமிழில் தரும் ஃபோனெடிக் விசைப்பலகையும் அதனோடு வந்தது. 'செட்டிங்ஸ்' பகுதியில் நேரம், மொழிக்கான பக்கத்துக்குப் போய் தமிழைச் சேர்த்து, அதன் 'லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்' வழியாக விரும்பிய விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்கலாம். பிறகு விண்டோஸ் விசையும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிக்கொள்ளலாம்.

இரண்டில் எது நல்லது? எப்போதாவது நாலு வரி எழுதுகிறவருக்கு ஃபோனெடிக் போதும். நாள்தோறும் தமிழில் எழுதுகிறவர் தமிழ் 99 கற்றுக்கொள்வதே மேல். சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் முன்வைக்கப்பட்டு, தமிழக அரசு ஏற்ற அமைப்பு இது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்திருப்பதால் இரு கைகளும் மாறி மாறி ஓடும். 'ம' விசையை இருமுறை தட்டினால் முதல் எழுத்து தானாகவே புள்ளி பெற்றுவிடும். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டில் 'அம்மா' வந்துவிடுகிறது. ஷிஃப்ட் விசையைத் தேட வேண்டியதில்லை.

இப்படித் தமிழில் எழுதப் பழகினால் கோப்புகளுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். 'மின்கட்டண ரசீது மார்ச்' என்று சேமித்துவிட்டு, பின்னால் 'மின்கட்டண' என்று தேடினாலே கோப்பு கிடைத்துவிடும்.

திரையைப் படம் பிடிக்கவும் தனி மென்பொருள் வேண்டாம். விண்டோஸ் விசை, ஷிஃப்ட், 'எஸ்' மூன்றையும் சேர்த்து அழுத்தி வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுக்கலாம். விண்டோஸ் 11-இன் 'ஸ்னிப்பிங் டூல்' திரையில் நடப்பதை வீடியோவாகவும் பதிவு செய்யும். அதில் 'டெக்ஸ்ட் ஆக்‌ஷன்ஸ்' என்பதைத் திறந்தால், படத்தில் இருக்கும் தொலைபேசி எண்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் ஒரே கிளிக்கில் மறைக்கலாம். பணம் கட்டிய திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவர்கள் இதைப் பழகிக்கொள்வது நல்லது. வங்கிக் கணக்கு எண் அதில் மறையாது. அதைக் கையால்தான் அழிக்க வேண்டும்.

பார்வை மங்கிய பெரியவர்களுக்கு 'மேக்னிஃபையர்' இருக்கிறது. விண்டோஸ் விசையையும் கூட்டல் குறியையும் அழுத்தினால் திரை முழுவதும் பெரிதாகும். 1600 சதவீதம் வரை போகலாம். கழித்தல் குறி திரையைச் சிறிதாக்கும். விண்டோஸ் விசையுடன் எஸ்கேப் விசையை அழுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.