மூடியிருக்கும் போர்ட் எதற்காகக் காத்திருக்கிறது?

2009 மார்ச்சில் இந்திய மருத்துவக் குழு ஒன்று புல்மோட்டையில் கள வைத்தியசாலை ஒன்றை அமைத்தது. புதுமாத்தளன் கரையிலிருந்து சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் கப்பலில் ஏற்றப்பட்ட காயக்காரர்கள் அங்கே கொண்டுவரப்பட்டனர். அந்நாளில் பதிவுகள் எல்லாம் கடதாசியில்தான். யாருக்கு எந்த இடத்தில் செல் துண்டு இருக்கிறது, எது எடுக்கப்பட்டது, எது விடப்பட்டது என்ற விபரத்தைப் பலர் இன்றும் தம் வாயாலேயே ஒவ்வொரு வைத்தியரிடமும் சொல்லி வருகிறார்கள்.

இலங்கையின் அரச வைத்தியசாலைகள் இப்போது படிப்படியாகக் கணினிப் பதிவுக்கு மாறி வருகின்றன. அது முழுமையாக வந்தால் இந்தச் சொல்லி அழும் வேலை குறையும். ஆனால் வைத்தியரின் மேசைக்கும் பதிவு கிடக்கும் சேர்வருக்கும் இடையில் சுவிட்ச் என்ற சிறு பெட்டிகள் சில நிற்கின்றன. அவற்றுக்கிடையிலான வயர் ஒன்று அறுந்தால் பதிவு இருந்தும் இல்லாததுதான். அதனால்தான் சுவிட்சுகளை இணைக்கும்போது இரண்டாவது வழியாக இன்னொரு வயரையும் இழுத்துவிடுகிறார்கள்.

சிக்கல் அந்த இரண்டாவது வயரில்தான் தொடங்குகிறது.

ஒரு கணினி "இந்த முகவரிக்கு உரியவர் யார்?" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்கும் பொதி ஒன்றை அனுப்புகிறது. சுவிட்ச் அதை வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டுகளிலும் வெளியே விடும். மூன்று சுவிட்சுகள் வட்டமாக இணைந்திருந்தால் அந்தப் பொதி சுற்றிவந்து மீண்டும் புறப்பட்ட இடத்துக்கே சேரும், திரும்பவும் வெளியே விடப்படும். இணையத்தில் போகும் ஐபி பொதிக்கு ஆயுள் எண் ஒன்று உண்டு, ஒவ்வொரு தாவலிலும் குறைந்து ஒரு கட்டத்தில் அது செத்துவிடும். ஈதர்நெட் பொதிக்கு அப்படி எதுவும் இல்லை. சில நொடிகளில் வலையமைப்பு முழுவதும் இந்தப் பொதிகளால் அடைபட்டு, ஒரு மருந்துச் சீட்டுக்கூடத் திறக்காது.

அமெரிக்காவின் டெக் நிறுவனத்தில் வேலை செய்த ரேடியா பேர்ல்மன் இதற்கு ஒரு வழி கண்டு 1985 இல் வெளியிட்டார். வயர்களைக் கழற்ற வேண்டாம், சுவிட்சுகளே தமக்குள் பேசி வட்டத்தில் ஓரிடத்தை மூடிக்கொள்ளட்டும் என்பதே அது. மீதமாகும் வழிகள் வட்டமில்லாத மரம் போலக் கிளை பிரியும். ஆகவே அதன் பெயர் ஸ்பானிங் ட்ரீ. 1990 இல் இது 802.1டி என்ற தரமாக வந்தது.

ஒரு ஆதார வைத்தியசாலையை எடுத்துக்கொள்வோம். பதிவறையில் ஒரு சுவிட்ச், மருந்தகத்தில் ஒன்று, ஆய்வுகூடத்தில் ஒன்று. மூன்றும் ஒன்றோடொன்று முக்கோணமாக இணைந்திருக்கின்றன.

முதலில் தலைமைச் சுவிட்ச் தெரிவாகும். அதை ரூட் என்பார்கள். முன்னுரிமை எண்ணும் சுவிட்சின் வன்பொருள் முகவரியும் சேர்ந்த அடையாளம் எதற்குச் சிறியதோ அதுதான் ரூட். முன்னுரிமையை யாரும் மாற்றாவிட்டால் எல்லாச் சுவிட்சிலும் அது 32768 என்றே இருக்கும். அப்போது முகவரி சிறியது வெல்லும். பழைய பெட்டிகளின் முகவரிதான் பெரும்பாலும் சிறியது என்பதால், மூலையில் தூசி படிந்து கிடக்கும் கிழட்டுச் சுவிட்ச் முழு வைத்தியசாலைக்கும் தலைவராகிவிடலாம். பதிவறைச் சுவிட்சில் 4096 என்று எழுதிவிட்டால் இந்த வம்பு இல்லை.

இனி ஒவ்வொரு போர்ட்டும் ஒரு பாத்திரம் ஏற்கும். ரூட் அல்லாத ஒவ்வொரு சுவிட்சிலும், ரூட்டை நோக்கிக் குறைந்த செலவில் போகும் போர்ட் ஒன்று ரூட் போர்ட் ஆகும். ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு வயர்த்துண்டுக்கும் பொறுப்பாக ஒரு முனை டெசிக்னேட்டட் போர்ட் ஆகும். பதிவறைச் சுவிட்சின் இரண்டு போர்ட்டுகளும் இந்த வகை. மருந்தகத்துக்கும் ஆய்வுகூடத்துக்கும் இடையிலான வயரில் இருவருக்கும் ரூட் வரையான செலவு சமம். அப்போது சிறிய அடையாளம் உள்ளவர், மருந்தகம் என்று வைப்போம், பொறுப்பை எடுப்பார். ஆய்வுகூடத்தின் முனை மூடப்படும். அதுதான் ஆல்டர்நேட் போர்ட்.

செலவு என்பது வயரின் நீளம் அல்ல, வேகம். ஒரு கிகாபிட் இணைப்புக்கு 4, நூறு மெகாபிட்டுக்கு 19. பதிவறைக்கும் ஆய்வுகூடத்துக்கும் இடையில் நூறு மெகாபிட் வயர்தான் இருந்தால் நேர்வழிக்குச் செலவு 19, மருந்தகத்தைச் சுற்றிப் போனால் 4 உம் 4 உம் 8. ஆய்வுகூடம் சுற்றுவழியையே ரூட் போர்ட்டாக எடுத்து, நேர் வயரை மூடிவிடும். புல்மோட்டையாருக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. கொக்கிளாய் முகத்துவாரத்தில் அடுத்த கரை கண்ணுக்குத் தெரியும், அங்கே முல்லைத்தீவு மாவட்டம். ஆனால் லொறியில் சாமான் ஏற்றியவருக்குப் படகுத்துறை வழியாகாது, தரையால் நீண்ட சுற்றுத்தான். அவ்விடத்தில் பாலம் வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கையும் அந்தச் செலவை மாற்றச் சொல்வதுதான்.

மூடிய போர்ட் என்றதும் எங்கள் ஆட்களுக்கு முகமாலை நினைவுக்கு வரும். 2006 ஆகஸ்டில் ஏ9 மூடப்பட்டபோது யாழ்ப்பாணத்தார் திருகோணமலையிலிருந்து கப்பலில் போய்வந்தார்கள். ரூட் போர்ட் போய், ஆல்டர்நேட் போர்ட் அந்த இடத்தை எடுத்த கதை அது. ஒப்பீடு அதற்குமேல் ஓடாது. சுவிட்ச் எந்தப் போர்ட்டையும் யாரையும் தண்டிக்க மூடுவதில்லை, மூடிய போர்ட்டும் கேட்பதை நிறுத்துவதில்லை. இரண்டு நொடிக்கொருமுறை வரும் தகவல் பொதிகளை அது கேட்டுக்கொண்டே இருக்கும். மறுபக்க நிலைமை அதற்கு எப்போதும் தெரியும்.

பழைய முறையில் ஒரு குறை, மெத்தனம். தொலைவில் ஏதோ ஒன்று அறுந்து தகவல் நின்றால் 20 நொடி பொறுத்து, பிறகு கேட்பதற்கு 15, கற்பதற்கு 15 என்று மூடிய போர்ட் திறக்க 50 நொடி வரை போகும். 2001 இல் வந்த 802.1டபிள்யூ என்ற விரைவு முறையில் ஆல்டர்நேட் போர்ட் தன் ரூட் போர்ட் விழுந்த கணத்திலேயே பொறுப்பேற்கும். இதில் பெக்கப் போர்ட் என்றும் ஒரு பாத்திரம் உண்டு. ஒரே சுவிட்சின் இரண்டு போர்ட்டுகள் பழைய ஹப் ஒன்றில் போய்ச் சேர்ந்தால் இரண்டாவதுக்கு அந்தப் பெயர். இன்றைக்கு ஹப் அருகிவிட்டதால் அதைக் காண்பது அரிது.

பொஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் வைத்தியசாலை ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது, வசதிக்குக் குறைவில்லாதது. 2002 நவம்பர் 13 இல் அதன் வலையமைப்பு விழுந்தது. சுவிட்சுக்குப் பின் சுவிட்சாக வருடக்கணக்கில் நீட்டிக்கொண்டே போனதில், ஸ்பானிங் ட்ரீ தாங்கக்கூடிய 7 தாவல் எல்லையை அது தாண்டியிருந்தது. பெரிய தரவுப் பரிமாற்றம் ஒன்று இணைப்பை நிறைக்க, சுவிட்சுகளின் பேச்சு தடைப்பட்டது. மூடியிருக்க வேண்டிய போர்ட்டுகள் மறுபக்கம் இல்லையென்று எண்ணித் திறந்துகொண்டன. நாலு நாள் வரை அங்கே கடதாசியும் ஓடித்திரியும் ஆட்களுமாக வேலை நடந்தது. இளம் வைத்தியர் பலருக்குக் கடதாசியில் மருந்து எழுதியே பழக்கமில்லை. அதன் தகவல் தொழில்நுட்பப் பொறுப்பாளர் ஜோன் ஹலம்கா நடந்ததை மறைக்காமல் பகிரங்கமாகப் பேசினார். வைத்தியசாலைகள் இப்படிச் செய்வது அபூர்வம், அதனால்தான் எங்களுக்கும் அது தெரிகிறது.

எங்கள் பக்கத்துச் சிறு வைத்தியசாலை, பாடசாலை, பிரதேச செயலகம் ஆகியவற்றுக்கு 7 தாவல் பிரச்சினை வராது. வருவது வேறு. கடையில் மலிவாகக் கிடைக்கும் எட்டுப் போர்ட் சுவிட்சுகள் பலவற்றில் ஸ்பானிங் ட்ரீயே இல்லை. மேசைக்கடியில் தொங்கும் வயரின் மறுமுனையையும் யாரோ நல்லெண்ணத்தில் அதே பெட்டியில் செருகிவிட்டால் வட்டம் தயார். ஆகவே நடுச் சுவிட்சாவது முகாமைப்படுத்தக்கூடியதாக இருக்கட்டும். கணினி மட்டும் இணையும் போர்ட்டுகளை எட்ஜ் போர்ட் என்று குறித்து, அங்கே சுவிட்சின் தகவல் பொதி வந்தால் போர்ட்டே மூடிக்கொள்ளும் காவலைப் போட்டுவைக்கலாம். அந்தக் காவலின் பெயர் பிபிடியு கார்ட். மாதத்தில் ஒருநாள், வேலை குறைந்த பின்னேரம், முதல் வயரைக் கழற்றிவிட்டுப் பதிவு திறக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.