பற்சில்லுத் தொகுதி: எண்ணிக்கையும் அளவும்

எம் தந்தையர் காலத்து மாத்தளையிற் காணப்பட்ட துவிச்சக்கர வண்டிகள் பெரும்பாலும் றலி, ஹம்பர் என்பனவே. அவற்றின் பின்சக்கரத்தில் ஒரேயொரு பற்சில்லு இருந்தது. அது தேய்ந்துபோனால் யார் செய்த பற்சில்லையும் வாங்கிப் பூட்டிக்கொண்டனர். சங்கிலியின் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையிலுள்ள தூரம் அரை அங்குலம், அஃதாவது 12.7 மில்லிமீற்றர், எனப் பொதுவாகக் கொள்ளப்பட்டமையே அதற்குக் காரணம். இவ்வளவு இன்றும் மாறவில்லை. ஆயின் ஒரு பற்சில்லு இருந்த இடத்தில் எட்டும் ஒன்பதும் பன்னிரண்டும் வந்து அமர்ந்தபின், முன்னிருந்த ஒற்றுமை குலைந்துவிட்டது.

இஃது எனக்கு விளங்கியது 2022ஆம் ஆண்டில். எரிபொருள் அருகிப் பேருந்துகள் குறைந்த அந்நாட்களில், என்னிடம் கற்று, இரத்தோட்டைக்கு அப்பாலுள்ள தோட்டப் பாடசாலை ஒன்றிற் தொண்டர் ஆசிரியராய் இருந்த இளைஞர் ஒருவர், யப்பானிலிருந்து வந்த பழைய பந்தய வண்டியொன்றைத் தம் சேமிப்பு முழுவதையும் கொடுத்து வாங்கினார். அதன் பின்சக்கரம் வளைந்திருந்தமையால் கடைக்காரர் வேறொரு சக்கரத்தை மாட்டி, “இதிலும் ஒன்பது, அதிலும் ஒன்பது, பொருந்தும்” என்றாராம். சமதரையில் வண்டி ஒழுங்காக ஓடிற்று. ஏற்றத்தில் எழுந்துநின்று மிதித்தபோதோ சங்கிலி பெரிய பற்சில்லிலிருந்து நழுவ, இளைஞர் வீதியின் நடுவே விழுந்தார். பின்னால் வந்த லொறி நின்றமையால் உயிர் தப்பினார். முழங்காலிற் கட்டோடு வண்டியை உருட்டிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

இத்தகைய தொகுதியொன்றை இனங்காண்பதற்கு முதற்கண் அறியவேண்டியது, அது பிறீவீலா கசெற்றா என்பது. பிறீவீலில், ஒரு திசையில் மட்டும் உருளவிடும் பொறி பற்சில்லுகளுடனேயே அமைந்திருக்கும். அதனை முழுவதாகச் சக்கரக் குடத்திற் திருகுவர். கசெற்றில் அப்பொறி குடத்துடன் சேர்ந்தது; பற்சில்லுகள் அதன்மேற் செருகப்படுவன. 1978ஆம் ஆண்டில் யப்பானிய நிறுவனமான ஷிமானோ இம்முறையைக் கைக்கொண்டது. பின்னர் அது பரவியது. வேறுபாட்டை அறிதல் எளிது. சக்கரத்தைக் கழற்றிப் பற்சில்லுகளைப் பின்புறமாகச் சுழற்றுக. கருவி பொருந்தும் நடுவளையமும் உடன் சுழன்றால் கசெற். அது நிற்கப் பற்சில்லுகள் மட்டும் சுழன்றால் பிறீவீல். ஷிமானோ தன் கசெற்றிற் ‘சீ.எஸ்.’ என்றும் பிறீவீலில் ‘எம்.எவ்.’ என்றும் தொடங்கும் குறியீட்டைப் பொறிப்பதுண்டு. பழைய வண்டிகளில் அழுக்கைச் சுரண்டிய பின்னரே அது கண்ணுக்குப் புலப்படும்.

அடுத்தது இருக்கை. கசெற் செருகப்படும் உருளையின் தவாளிப்புகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஷிமானோவின் வழக்கமான உருளையில் அவை ஒன்பது. அவற்றுள் ஒன்று மட்டும் அகலத்தில் வேறுபடுதலால், பற்சில்லுகள் ஒரே நிலையில் மட்டுமே ஏறும். இத்தாலிய நிறுவனமான கம்பஞோலோவின் ஒன்பது பற்சில்லு உருளையிலோ ஆழமான எட்டுத் தவாளிப்புகள் உள்ளன. பழைய யப்பானிய வண்டிகளிற் காணப்படும் சன்டூர் இவ்விரண்டினும் வேறானது. மிகச் சிறிய பற்சில்லிற் பத்துப் பற்களே வேண்டும் என்ற விருப்பினால் ஸ்ராம் 2012இலும் ஷிமானோ 2018இலும் புதிய உருளைகளை வெளியிட்டன. இருக்கை பொருந்தாவிடிற் பற்சில்லு ஏறவே மாட்டாது. ஆகவே அங்கு ஏமாற்றத்துக்கு இடமில்லை. நீளம் மட்டும் பொருந்தாதவிடத்து இடைவளையம் இட்டுச் சரிசெய்யலாம். ஏழு பற்சில்லுத் தொகுதியை எட்டு, ஒன்பதுக்குரிய ஷிமானோ உருளையில் ஏற்றுவதற்கு 4.5 மில்லிமீற்றர் வளையம் போதும்.

ஏமாற்றுவது, ஒரு பற்சில்லின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவரையுள்ள தூரமாகிய இடைத்தூரமே. எட்டுப் பற்சில்லுத் தொகுதியில் அது ஷிமானோவுக்கு 4.8 மில்லிமீற்றர், கம்பஞோலோவுக்கு 5.0, ஒன்பதில் முறையே 4.35, 4.55. இந்த 0.2 மில்லிமீற்றரைக் கண் காணாது. தனியோர் இடைவெளியை அளந்தால் அளவுப்பிழை அவ்வேறுபாட்டையே விழுங்கிவிடும். ஊசல் ஓர் அலைவுக்கு எடுக்கும் நேரத்தைக் காண இருபது அலைவுகளை எண்ணி வகுக்கும்படி மாணவர்க்குக் கற்பிக்கிறோம் அல்லவா? அம்முறையே ஈண்டும் வேண்டற்பாலது. வேணியர் இடுக்கிமானியால் தொகுதியின் முழு அகலத்தையும் அளந்து, ஒரு பற்சில்லின் தடிப்பைக் கழித்து, எஞ்சியதை இடைவெளிகளின் எண்ணிக்கையால் வகுத்தல் வேண்டும். இளைஞரின் தொகுதி 38.2 மில்லிமீற்றர் அகலமுடையதாயிருந்தது. தடிப்பு 1.8 கழிய எஞ்சியது 36.4, எட்டால் வகுக்க 4.55. சக்கரம் கம்பஞோலோவினது, வண்டியின் கியர் நெம்புகோலோ ஷிமானோவினது.

வீழ்ச்சியின் காரணம் இப்போது தெளிவாயிற்று. நெம்புகோல் ஒவ்வொரு தட்டுக்கும் சங்கிலியை 4.35 மில்லிமீற்றரே நகர்த்த, பற்சில்லுகள் 4.55 மில்லிமீற்றர் இடைவிட்டு நின்றன. கடையில் மிகச் சிறிய பற்சில்லை ஆதாரமாகக் கொண்டு ஒழுங்குசெய்திருந்தனர். குறை படிப்படியாய்த் திரண்டு, மிகப் பெரிய பற்சில்லை அடைகையில் 1.6 மில்லிமீற்றராயிற்று, இஃது இடைத்தூரத்தில் மூன்றிலொரு பங்குக்கும் மேல். ஏற்றத்தில் வேண்டப்படுவது பெரிய பற்சில்லே. காலின் விசை மிகுவதும் அப்போதே. நடுப்பற்சில்லை ஆதாரமாகக் கொண்டிருந்தால் இரு முனைகளிலும் 0.8 மில்லிமீற்றர்ப் பிழையே இருந்திருக்கும். அதுவும் மலைவீதிக்கு ஏற்றதென்று நான் கூறமாட்டேன்.

ஸ்ராம் தன் எட்டு, ஒன்பது பற்சில்லுக் கசெற்றுகளில் ஷிமானோவின் இருக்கையையும் இடைத்தூரத்தையுமே பின்பற்றியது. ஆதலால் அவற்றை ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று கொள்ளலாம். இதனைக் கண்டு நெம்புகோலையும் அவ்வாறே மாற்றலாம் என்று எண்ணுதல் தவறு. ஷிமானோவின் எட்டுக்கான நெம்புகோல் ஒரு தட்டுக்குக் கேபிளை ஏறக்குறைய 2.8 மில்லிமீற்றர் இழுக்கும். சங்கிலியைத் தள்ளும் மாற்றி அதனை 1.7 மடங்காக்க, 4.76 கிடைக்கும். ஸ்ராமின் பழைய ‘ஒன்றுக்கு ஒன்று’ முறையில் இழுப்பு ஏறக்குறைய 4.3, மடங்கு 1.1, பெருக்க 4.73. விளைவு ஒன்றே, வழி வேறு. ஒருவரது நெம்புகோலை மற்றவரது மாற்றியோடு இணைத்தால் 4.3 ஐ 1.7 ஆற் பெருக்க நேரும், 7.3 மில்லிமீற்றர் தாவும் சங்கிலி எப்பற்சில்லிலும் ஒழுங்காக அமராது. ஆகவே நெம்புகோலையும் மாற்றியையும் ஓர் இணையாகக் கொண்டு, கசெற்றை அவ்விணையின் இடைத்தூரத்துக்கு ஏற்பத் தெரிதலே முறை. சங்கிலியைப் பற்சில்லுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப வாங்கினாற் போதும்.

கடைக்காரர் தம் தவற்றை ஒப்பவில்லை. பணத்தையும் மீளத் தரவில்லை. கண்டியில் ஷிமானோ உருளையுடைய பழைய சக்கரமொன்றை ஒரு மாதம் தேடிப் பெற்றோம். அதில் ஸ்ராமின் ஒன்பது பற்சில்லுக் கசெற்றை ஏற்றினோம். பூட்டுமுன் அளந்தபோது முழு அகலம் 36.6 மில்லிமீற்றர், தடிப்பைக் கழித்து வகுக்க 4.35. மறுநாட் காலை இளைஞர் இரத்தோட்டை ஏற்றத்தை இறங்காமலே கடந்து, முதற் பாடவேளைக்குப் பாடசாலையை அடைந்தார்.

கழற்றிய கம்பஞோலோத் தொகுதி எம் பாடசாலை ஆய்வுகூட அலுமாரியில் உள்ளது. உயர்தர வகுப்பு மாணவர்க்கு இடுக்கிமானி பழக்கும்போது அதனையே கையிற் கொடுக்கிறேன். விடைகள் பெரும்பாலும் 4.5க்கும் 4.6க்கும் இடையில் வருகின்றன.