படிக்கலாம், பட்டம் கிடையாது!

பிறந்த குழந்தையின் உதட்டில் நீலம் பூத்திருக்கிறது. நகக்கண்களும் நீலம். பால் குடிக்கத் தொடங்கினால் மூச்சுத் திணறுகிறது. நாலு வாய் உறிஞ்சுவதற்குள் களைத்துப்போய் மார்பை விட்டு விலகுகிறது. தப்பிப் பிழைத்து ஓடியாடும் வயதை எட்டினாலோ, பத்தடி நடந்ததும் குந்தி உட்கார்ந்துகொள்கிறது. குந்தினால் மூச்சு சற்றுச் சீர்ப்படும் என்பதை எந்த வைத்தியரும் சொல்லித் தராமலே அந்தப் பிஞ்சு கண்டுகொள்கிறது!

ஏன் இப்படி என்று கேட்டால், நம் நாட்டில் விடைக்கா பஞ்சம்? கிரகக் கோளாறு என்பார் ஒருவர். பூர்வ ஜென்மப் பாவம் என்பார் மற்றொருவர். கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே வந்தாள், அதன் பலன் இது என்பாள் பக்கத்து வீட்டுப் பாட்டி. நோய் இருப்பதோ குழந்தையின் நெஞ்சிலே. பழி விழுவதோ தாயின் தலையிலே!

தலையெழுத்தல்ல இது, இருதயத்தின் அமைப்பிலே நேர்ந்த கோளாறு. கோளாறு என்றால் அதனைச் சரிசெய்ய வழியும் இருக்கத்தான் வேண்டும் என்று நம்பி, அந்த வழியைக் காட்டியும் கொடுத்தவர் ஓர் அம்மையார். ஹெலன் டாசிக் என்பது அவர் பெயர். அமெரிக்க நாட்டவர். அவர் கதையைத் ‘தகுதி, தகுதி’ என்று நாள்தோறும் பல்லவி பாடுவோர் ஒருமுறை கேட்பது நல்லது. நாமும் கேட்போம், நமக்கும் அதிலே பாடமுண்டு.

கதவடைத்த கல்விக்கூடம்

1898ஆம் ஆண்டு பிறந்தார் டாசிக். தந்தை, ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் புகழ்பெற்ற பொருளாதாரப் பேராசிரியர். வீட்டிலே கல்விக்குக் குறைவில்லை. ஆனால் அந்தச் சிறுமிக்கு எழுத்துகள் கண்முன் தடுமாறும். சரளமாகப் படிக்க வராது. பதினோரு வயதில் தாயைக் காசநோய் கொண்டுபோயிற்று. தடுமாறித் தடுமாறியே படித்தார், முன்னேறினார், டாக்டராக வேண்டும் என்று துணிந்தார்.

ஹார்வர்டு என்ன சொல்லிற்று? மருத்துவக் கல்லூரியிலே பெண்களுக்கு இடமில்லை என்றது. பொதுச் சுகாதாரப் படிப்பிலே சேரலாமா என்று கேட்டார். வகுப்பிலே உட்காரலாம், பாடம் படிக்கலாம். ஆனால் பட்டம் மட்டும் கிடையாது என்றனர்! திசுக்களைப் பற்றிய பாடம் ஒன்றைக் கேட்க அனுமதி கிடைத்தபோதும், ஆண் மாணவர்களோடு சேர்ந்து உட்காரக் கூடாது. தனி அறையிலே உட்கார்ந்துதான் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும் என்று விதித்தனர்.

படித்தவர்கள், பண்பட்டவர்கள், உலகுக்கே அறிவு வழங்குவதாகப் பெருமை பேசியவர்கள் போட்ட தீண்டாமைக் கோடு அது! அந்தக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்தது 1945இல். நம் சென்னை மருத்துவக் கல்லூரியிலோ 1875லேயே பெண்கள் படிக்கத் தொடங்கிவிட்டனர். டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் 1912இல் அங்கே பட்டமும் பெற்றுவிட்டார். ‘மேலை நாடு முன்னேறிய நாடு, அங்கே எல்லாம் தானாக வந்துவிடும்’ என்று நினைப்போர் இந்த ஆண்டுகளை எண்ணிப் பார்க்கட்டும்.

பாஸ்டன் பல்கலைக் கழகத்திற்குப் போனார். அங்கேயிருந்த உடற்கூற்றுப் பேராசிரியர் ஒரு மாட்டு இருதயத்தைக் கையிலே கொடுத்து, இதை ஆராய்ந்து பார் என்றார். கையிலே வாங்கிய இருதயத்தை வாழ்நாள் முழுதும் அவர் கீழே வைக்கவேயில்லை!

டாக்டர் பட்டம் தந்தது பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி, ஆண்டு 1927. அங்கு மட்டும் பெண்ணுக்கு எப்படி இடம் கிடைத்தது? பேராசிரியர்களின் பெருந்தன்மையாலா? அல்ல. கல்லூரியைத் திறக்கப் பணமின்றி நிர்வாகிகள் திண்டாடியபோது, மேரி காரட் என்ற செல்வச் சீமாட்டியும் அவருடைய தோழியரும் பணம் திரட்டித் தந்தனர். ஆண்களுக்குச் சமமாகப் பெண்களையும் சேர்க்க வேண்டும், அப்போதுதான் பணம் என்று நிபந்தனை போட்டனர். 1893இல் கல்லூரி பிறக்கும்போதே அந்த நிபந்தனையோடு பிறந்தது.

மனமிரங்கித் திறந்த கதவல்ல அது. நிபந்தனை போட்டுத் திறக்க வைத்த கதவு! இடஒதுக்கீடு என்றாலே முகஞ்சுளிப்போர் இதைக் குறித்துக்கொள்ளட்டும். அந்த நிபந்தனை இல்லாவிட்டால் டாசிக் டாக்டராக வேறெங்கே போயிருப்பார்?

கேளாத காது, கேட்ட விரல்

1930இல் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் குழந்தைகள் பகுதியிலே இருதய நோய்ப் பிரிவு அவர் பொறுப்புக்கு வந்தது. ஆனால் கொடுமை பாருங்கள், அதே காலத்தில் அவருடைய காது கேட்கும் சக்தியை இழந்துகொண்டு வந்தது! இருதய டாக்டருக்குக் காதுதானே கருவி? துடிப்பின் ஓசையைக் கேட்டல்லவா நோயைச் சொல்ல வேண்டும்?

அவர் சோர்ந்து உட்காரவில்லை. உதட்டசைவைப் பார்த்தே பேச்சை அறியப் பழகினார். குழந்தையின் மார்பின்மீது மெல்லக் கை வைத்து, விரல் நுனியிலே இருதயத்தின் அதிர்வைப் ‘படிக்க’க் கற்றார். எக்ஸ்ரே திரையிலே இருதயம் அசைவதை மணிக்கணக்கில் பார்த்தார். பிழைக்காது என்று மற்றவர்கள் ஒதுக்கிய குழந்தைகளெல்லாம் அவரிடம் வந்தன. வந்த குழந்தை ஒவ்வொன்றும் அவருக்கு ஒரு பாடப் புத்தகம் ஆயிற்று.

உடம்பிலே ஓடித் திரும்பிய இரத்தம், இருதயத்தின் வலப்பக்கம் வந்து, நுரையீரலுக்குப் போய், பிராணவாயு பெற்றுச் சிவந்து, இடப்பக்கம் வந்து, மீண்டும் உடம்பெங்கும் பாய வேண்டும். நீலக் குழந்தைகளுக்கு என்ன கோளாறு? 1888இல் பாலோ என்ற பிரெஞ்சு டாக்டர் நான்கு குறைகளை ஒன்றாகச் சேர்த்து விளக்கினார். நுரையீரலுக்குப் போகும் பாதை குறுகல். இருதய அறைகளுக்கு நடுவேயுள்ள சுவரிலே ஓட்டை. உடம்புக்குப் போகும் பெருங்குழாய் அந்த ஓட்டையின் மேலே இடம் மாறி உட்கார்ந்திருக்கும். வலப்பக்கத் தசையோ பளு தாங்காமல் தடித்துப்போயிருக்கும். விளைவு, சுத்தமாகாத இரத்தமே உடம்புக்குப் பாயும், உதடு நீலமாகும்.

தாயின் வயிற்றிலே இருக்கும்போது, பெருங்குழாயையும் நுரையீரல் குழாயையும் இணைக்கும் ஒரு சிறு கால் எல்லாக் குழந்தைக்கும் உண்டு. பிறந்த சில நாட்களில் அது தானே மூடிக்கொள்ளும். நீலக் குழந்தைகளில் சிலருக்கு அது மூடாமலே இருந்தது. அவர்கள் ஓரளவு நலமாயிருந்தனர். மூடியதோ, நிலைமை மோசமாயிற்று. இதைக் கண்டுகொண்டார் டாசிக். மடை அடைபட்ட வயலுக்குப் பக்கத்து வாய்க்காலிலிருந்து கால் வெட்டித் தண்ணீர் விடுவதில்லையா உழவன்? அதைப்போல இரத்தத்துக்குப் புதுக் கால் ஒன்று வெட்டினால் என்ன? இதுதான் அவருக்குத் தோன்றிய எண்ணம்.

மூடாத காலை மூடும் ஆபரேஷனை 1938இல் செய்து புகழ்பெற்றிருந்தார் பாஸ்டன் நகரத்து டாக்டர் ராபர்ட் கிராஸ். மூடத் தெரிந்தவருக்குத் திறக்கவும் தெரியாதா என்று அவரிடம் போனார் அம்மையார். கிராஸ் அக்கறை காட்டவில்லை. 1941இல் ஆல்பிரட் பிளேலாக் என்ற அறுவை மருத்துவர் ஹாப்கின்சுக்கு வந்தார். அவரோடு இன்னொருவரும் வந்தார். அந்த இன்னொருவரை நாம் மறக்கக் கூடாது.

ஸ்டூலின்மீது நின்ற மேதை

விவியன் தாமஸ் ஒரு கறுப்பர். தச்சுத் தொழில் அறிந்தவர். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று சேர்த்து வைத்த காசு, வங்கி முறிந்ததால் பறிபோயிற்று. 1930இல் பிளேலாக்கின் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். செய்ததோ ஆராய்ச்சி, சம்பளப் பட்டியலிலே எழுதப்பட்டதோ துப்புரவுத் தொழிலாளி என்று! பால்டிமோரிலும் கறுப்பருக்கு ஒரு நீதி, வெள்ளையருக்கு ஒரு நீதி இருந்த காலம் அது.

டாசிக் சொன்ன எண்ணத்தைச் செயலாக்கிக் காட்டும் வேலை தாமசிடம் வந்தது. ஏறத்தாழ இருநூறு நாய்களின்மீது பரிசோதனை நடத்தி, கைக்குப் போகும் இரத்தக் குழாயை அறுத்துத் திருப்பி நுரையீரல் குழாயோடு தைக்கும் முறையை வகுத்தார். நூலிழை போன்ற குழாய்களைத் தைக்க ஏற்ற கருவிகளையும் ஊசிகளையும் அவரே அமைத்தார்.

1944 நவம்பர் 29. பதினைந்து மாதக் குழந்தை. எடை நாலு கிலோதான்! கத்தியைப் பிடித்தவர் பிளேலாக். அவருக்குப் பின்னாலே ஒரு ஸ்டூலின்மீது நின்று, தையல் எப்படி விழ வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் தாமஸ். குழந்தை பிழைத்தது. ஆனால் நீலம் மீண்டும் தலைகாட்டிற்று. அடுத்த ஆண்டே அது மாண்டது. அதற்காக முயற்சி நிற்கவில்லை. 1945 பிப்ரவரியில் மூன்றாவதாக ஒரு ஆறு வயதுச் சிறுவன். ஆபரேஷன் மேசையிலேயே அவன் உதடு நீலம் நீங்கிச் சிவந்தது. உலகெங்குமிருந்து பெற்றோர் பால்டிமோருக்குப் படையெடுத்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் சில ஆண்டுகளிலேயே அங்கு சிகிச்சை பெற்றனர்.

1945இல் வெளிவந்த மருத்துவக் கட்டுரையில் பிளேலாக் பெயர் இருந்தது, டாசிக் பெயர் இருந்தது. தாமஸ் பெயர்? இல்லை! அந்த ஆபரேஷனுக்கே பிளேலாக் - டாசிக் என்று பெயர் வைத்தனர். வருமானம் போதாமல், பிளேலாக் வீட்டு விருந்துகளிலே மது ஊற்றிக் கொடுக்கும் வேலையும் தாமஸ் பார்க்க நேர்ந்தது. பகலிலே அவரிடம் பாடம் கேட்ட டாக்டர்களுக்கு மாலையிலே கோப்பை நீட்டினார் அந்த ஆசான்!

1976இல்தான் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. இன்று பிளேலாக் - தாமஸ் - டாசிக் என்று மூவர் பெயரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் பரவி வருகிறது. காலம் தாழ்ந்த நீதி, என்றாலும் நீதி!

கடமை முடியவில்லை

டாசிக் அம்மையார் பெயர் வந்ததோடு ஓய்ந்தவரல்லர். பிழைத்த குழந்தைகள் வளர்ந்து ஆளான பிறகும் பல பத்தாண்டுகள் அவர்கள் நலத்தைத் தொடர்ந்து கவனித்து எழுதினார். 1962இல், ஜெர்மனியில் கைகால் குறைந்து குழந்தைகள் பிறப்பதாகக் கேள்விப்பட்டதும் நேரே அங்கு போனார். கர்ப்பிணிகள் உட்கொண்ட தாலிடோமைடு என்ற தூக்க மாத்திரையே காரணம் என்பதற்கான சான்றுகளைக் கண்டறிந்து திரும்பி, அமெரிக்கக் காங்கிரசின் முன் சாட்சி சொன்னார். பிரான்சிஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி ஏற்கெனவே அந்த மருந்துக்கு அனுமதி தராமல் தடுத்து நின்றார். அந்த ஆண்டிலேயே மருந்துச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. இலாபமே குறியென்று திரியும் வியாபாரத்துக்குக் கடிவாளம் வேண்டும், அதை அரசாங்கம்தான் போட வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1965இல் அமெரிக்க இருதயச் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். 1986இல், எண்பத்தெட்டு வயது நிறையச் சில நாட்களே இருந்தபோது, நண்பர்களை ஓட்டுச்சாவடிக்கு அழைத்துச் சென்ற நாளிலே கார் விபத்தில் மறைந்தார். கடைசி நாள் வரை குடிமகளின் கடமையையும் விடவில்லை!

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! படிக்கத் தடுமாறிய பெண், காது கேளாத டாக்டர், பட்டமில்லாத கறுப்பர். அன்றைய ‘தகுதி’த் தராசிலே இவர்களை நிறுத்தால் எத்தனை மார்க் தேறியிருக்கும்? தராசைப் பிடித்தவர்கள் வழியடைத்தார்கள். அந்தத் தராசு கழித்துத் தள்ளியவர்களே உயிர் கொடுத்தார்கள். ஒரு தேர்வின் மதிப்பெண்ணை மட்டும் வைத்து ஏழைவீட்டுப் பிள்ளையை வாசலிலேயே நிறுத்தத் துடிப்போருக்கு இதற்கு என்ன பதில் உண்டு?

ஆயிரம் குழந்தை பிறந்தால் எட்டு, ஒன்பது குழந்தைக்கு இருதயத்தில் ஏதேனும் குறை இருக்கக்கூடும். கோபுர வீடு, குடிசை வீடு என்று அது பார்ப்பதில்லை. வைத்தியச் செலவுதான் பார்க்கிறது! அதனால்தான் தமிழகத்தில் 2008இல் கலைஞர் ஆட்சியில் சிறார் இருதயப் பாதுகாப்புத் திட்டமும், 2009இல் உயிர்காக்கும் காப்பீட்டுத் திட்டமும் கொண்டுவரப்பட்டன. கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைக்கும் இருதய ஆபரேஷன் என்ற நிலை பிறந்தது. தருமமல்ல அது, உரிமை.

உதடு நீலமா? பால் குடிக்கையில் வியர்த்துக் கொட்டுகிறதா? எடை ஏறவில்லையா? சோதிடரிடம் ஓடாதீர், பரிகாரத்துக்குப் பணம் கட்டாதீர். பக்கத்து ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தாயைத் தூற்றும் வாயை அடக்குங்கள்.

விதி என்று கைகட்டி நின்றிருந்தால் அந்த உதடுகள் சிவந்திரா. ஏன் என்று கேட்டார்கள், சிவந்தன!