பிரஷர் குளிசை கிட்னியைக் கெடுக்குமா?

"பிரஷர் குளிசையை வருசக்கணக்காப் போட்டா கிட்னி போயிடும் எண்டு சொல்றாங்களே, மெய்யா?" கிளிவெட்டி, தோப்பூர், மூதூர்ப் பக்கத்தில் கிளினிக் வரிசையில் நிற்பவர்களிடையே புழங்கும் கேள்வி இது. கேட்பதோடு நின்றால் பரவாயில்லை. வாங்கிய குளிசையை அலுமாரியில் வைத்துவிட்டு, "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று இருந்துவிடுவோரும் உண்டு. பிரஷர் கூடியிருப்பது பெரும்பாலும் உடம்புக்குத் தெரிவதில்லை என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

இந்த அச்சம் வெறும் வதந்தியில் பிறந்ததல்ல. 1990கள் தொட்டு வடமத்திய மாகாண விவசாயிகளிடையே காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவியது. நமது மாவட்டத்தில் பதவி ஸ்ரீபுரவையும் அது விட்டுவைக்கவில்லை. ஆனால் அந்நோய்க்குக் 'காரணம் தெரியாதது' என்று பெயர் வந்ததே, பிரஷரும் சீனி வருத்தமும் இல்லாதவர்களை அது பிடித்ததால்தான். ஒரு குளிசையும் விழுங்காதவர்களுக்கு வந்த நோய்க்குக் குளிசை எப்படிப் பொறுப்பாகும்?

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. சிறுநீரகம் பழுதானால் பிரஷர் ஏறும். பிரஷர் ஏறினால் சிறுநீரகம் பழுதாகும். பல வருடம் கவனியாமல் விட்டவர் ஒருநாள் மயங்கி விழுந்து, குளிசை தொடங்கி, இரண்டு வருடத்தில் டயாலிசிஸுக்குப் போகிறார். ஊர் கண்டது கடைசி இரண்டு வருடத்தை மட்டும்தான். பழி குளிசை மேல் விழுகிறது.

அப்படியானால் குளிசைக்கும் கிட்னிக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. வயல் செய்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நுண்வடிகள் உண்டு. ஒவ்வொரு வடியையும் ஒரு சிறு வயல் துண்டாக நினையுங்கள். தண்ணீர் வரும் வாய்க்கால் ஒருபுறம், வெளியேறும் வக்கடை மறுபுறம். வக்கடையை ஒடுக்கினால் வயலில் நீர்மட்டம் உயரும், வடிதல் கூடும். உடம்பில் அப்படி ஒடுக்குவது அஞ்சியோடென்சின் என்னும் பொருள். எனலாப்ரில், கப்டோப்ரில், லொசார்டன் ஆகியவை அதைத் தடுத்து வக்கடையைத் திறந்துவிடுகின்றன. (கப்டோப்ரிலின் மூலம் பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்தில் நடந்த ஆராய்ச்சி என்பது தனிக்கதை.) மட்டம் சற்றுத் தாழ்வதால் இரத்தச் சோதனையில் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறலாம். 30 சதவீதம் வரை ஏறி அங்கேயே நின்றால் வைத்தியர்கள் பொதுவாகக் குளிசையை நிறுத்துவதில்லை. நீர் முட்டி வரம்பு உடையாமல் காப்பதே அந்தத் தாழ்வுதான்.

இது ஊகமல்ல. சீனி வருத்தத்தால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 409 பேரிடம் கப்டோப்ரிலைச் சோதித்து 1993இல் முடிவு வெளியானது. கிரியேட்டினின் இரட்டிப்பாகும் அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. 2022இல் பிரித்தானியாவில் எதிர்த்திசையில் கேட்டுப் பார்த்தார்கள்: நோய் முற்றிய 411 பேரில் ஒரு பகுதியினருக்கு இவ்வகைக் குளிசைகளை நிறுத்தினால் கிட்னி தேறுமா? மூன்று வருடம் பார்த்தும் நிறுத்தியவர்களுக்கு ஒரு நன்மையும் கிடைக்கவில்லை.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வாய்க்காலிலேயே தண்ணீர் இல்லாதபோது வக்கடை திறந்து கிடந்தால் வயல் காயும். வயிற்றோட்டம், சத்தி, கடும் காய்ச்சல், உச்சி வெயிலில் நாள் முழுக்க வயல்வேலை ஆகியவை உடம்பின் வாய்க்காலை வற்றச்செய்பவை. இதனோடு சிறுநீர் போக்கும் குளிசையும் சேர்ந்தால் இன்னும் வற்றும். அந்த நேரத்தில் மேல்வலிக்கு பார்மசியில் டைக்குளோபெனக்கோ ஐபுபுரோபெனோ வாங்கிப் போட்டால், வாய்க்காலின் வாயையே அடைத்தது போலாகும். மூன்றும் ஒன்றுசேர்ந்து சில நாளிலேயே சிறுநீரகத்தை முடக்கிப்போட வல்லவை. ஊரில் பிரஷர் குளிசைக்குப் பயப்படுகிறவர்களே வலிக் குளிசையை மிட்டாய் போல வாங்குவது எனக்கு விளங்காத விசயம். பிரஷர்காரருக்கு வலி என்றால் அளவோடு பனடோல் நல்லது. வயிற்றோட்டம் வந்தால் உடனே வைத்தியரிடம் கேளுங்கள். எனலாப்ரில், லொசார்டன், சிறுநீர்க் குளிசை ஆகியவற்றைச் சில நாள் நிறுத்திவைக்கச் சொல்வார். நன்றாகச் சாப்பிட்டுக் குடிக்கத் தொடங்கியதும் மறுபடி தொடங்க வேண்டும். அதை மறந்துவிடுவோர்தான் அதிகம்.

நோன்பு காலத்திலும் இதே கணக்குத்தான். சிறுநீர்க் குளிசையை ஸஹரில் விழுங்கினால் பகலில் உடம்பு வற்றும். றமழானுக்கு முன்னரே கிளினிக் கொப்பியோடு போய் நேரத்தை மாற்றிக் கேட்பது நல்லது. சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தவர் நோன்பு பிடிக்கலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். எனலாப்ரிலும் லொசார்டனும் இரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டும் என்பதால், சிறுநீரகம் தளர்ந்தவர் நோன்பு திறக்கையில் இளநீரையும் வாழைப்பழத்தையும் அளவில்லாமல் எடுப்பதும் கூடாது. கர்ப்பிணிகளுக்கு இவ்விரு மருந்துகளும் ஆகாது. வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அவர்களுக்கு வேறு பிரஷர் மருந்துகள் உள்ளன.

இவ்வகைக் குளிசை தொடங்கி ஒன்றிரண்டு கிழமையில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். சோதனைத் துண்டுகளை எறியாமல் கொப்பியில் ஒட்டிவையுங்கள். ஒரு தனி இலக்கத்தைவிட, அது ஏறுகிறதா நிற்கிறதா என்பதுதான் வைத்தியருக்குத் தேவை.

கடைசியாகக் கால் வீக்கம். அம்லோடிபின் போடுபவர்களில் சிலருக்குப் பின்னேரமானால் கணுக்கால் வீங்கும். "கிட்னி போயிட்டு" என்று வீடே கலங்கும். அம்லோடிபின் நுண்குழாய்களை விரிப்பதால் நீர் காலில் தேங்குகிறது, அவ்வளவுதான். ஆனாலும் சிறுநீரில் புரதம் போகிறதா என்று ஒருதரம் பாருங்கள். போகவில்லை, கிரியேட்டினினும் சரி என்றால், வைத்தியர் அளவைக் குறைப்பார் அல்லது குளிசையை மாற்றுவார்.