கடுங்குளிரைத் தாங்கும் உடை: மூன்று அடுக்குகள் எதற்கு?

பெங்களூரு: பெங்களூருவில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியஸ். 1884 ஜனவரி 13 அன்று பதிவானது. இத்தகைய நகரிலிருந்து, குளிர்காலத்தில் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே குளிரும் லடாக்கின் திராஸ் போன்ற இடங்களுக்குச் செல்வோர், தடித்த கம்பளிச் சட்டை ஒன்றை மட்டும் நம்புவது ஆபத்தானது.

உடல் வெப்பத்தைக் காப்பதில் பெரும்பங்கு, உடை அடுக்குகளுக்கிடையே அசையாமல் தங்கும் காற்றுக்கே உண்டு. உள் அடுக்கு வியர்வையை வெளியேற்ற வேண்டும். கம்பளியாலான நடு அடுக்கு வெப்பத்தைத் தக்கவைக்கும். வெளி அடுக்கு காற்றையும் பனியையும் தடுக்கும். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் உள்ளாடைக்கு ஏற்றதன்று.

பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பு (டிஆர்டிஓ) ராணுவ வீரர்களுக்காக உருவாக்கிய உடையும் மூன்று அடுக்குகளைக் கொண்டதே. 15 டிகிரி முதல் மைனஸ் 50 டிகிரி வரை பயன்படும் அந்த உடையின் தொழில்நுட்பம், 2021 டிசம்பர் 27 அன்று 5 இந்திய நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

மலையேறும்போது வியர்ப்பதற்கு முன்பே ஓர் அடுக்கைக் கழற்றிவிட வேண்டும். இறுக்கமான காலணி ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். விரல்கள் மரத்து வெளிறினால் அது பனிக்கடியின் அறிகுறியாக இருக்கலாம். அவற்றைத் தேய்க்காமல், உடனடியாக மருத்துவ உதவியை நாட வேண்டும்.