பச்சைப் புள்ளி இருந்தால் மட்டும் போதுமா?

"ஏம்மா, இது சைவம்தானே?" என்று மளிகைக் கடையில் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டி கேட்பார். பேத்தி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பச்சைப் புள்ளி போட்டிருக்கே பாட்டி" என்பாள். அவ்வளவுதான், பாக்கெட் கூடைக்குள் போய்விடும். முக்கால்வாசி வீடுகளில் சோதனை அதோடு சரி.

அந்தப் புள்ளியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. கட்டாயமானதிலிருந்து சைவக் குடும்பங்களுக்குப் பெரிய நிம்மதி அது. அசைவத்துக்குப் பழுப்பு வட்டம் இருந்தது. நிறக்குருடு உள்ளவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறதே என்று, 2020-ல் வந்த விதியில் அதைப் பழுப்பு முக்கோணமாக மாற்றினார்கள். மாமிசம், மீன், முட்டை, இவற்றிலிருந்து எடுத்த பொருள் எது சேர்ந்தாலும் பச்சை போடக் கூடாது. ஆனால் பால், பால் பொருட்கள், தேன், தேன்மெழுகு, மிட்டாய்க்குப் பளபளப்புத் தரும் அரக்கு இவற்றுக்கெல்லாம் சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது.

ஆக, பச்சைப் புள்ளி ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. உங்கள் வீட்டுக் கேள்வியும் அதுதானா?

முட்டைகூடத் தொடாத, பால் தயிர் சாப்பிடும் குடும்பம் என்றால் கவலையே இல்லை. காலேஜ் போகும் பையன், "இனிமே பாலும் வேண்டாம், தேனும் வேண்டாம்"னு வீகன் ஆகிவிட்டானா? அவனுக்கு இந்தப் புள்ளி உதவாது. வீகன் உணவுக்கென்று 2022-ல் தனி விதியும் தனி முத்திரையும் வந்திருக்கின்றன. அதைத்தான் தேட வேண்டும்.

இவர்களைவிட அதிக ஜாக்கிரதை தேவைப்படுவது பால் அலர்ஜி உள்ள குழந்தையின் அம்மாவுக்கு. பிஸ்கட், பிரெட், சிப்ஸ் மேல் தூவும் மசாலா என்று எதிர்பாராத இடத்திலெல்லாம் பால் ஒளிந்திருக்கும். மில்க் சாலிட்ஸ், வே பவுடர், கேசின், கேசினேட் என்று எந்தப் பெயரில் வந்தாலும் அது பால்தான். காபியில் கலக்கும் பவுடர் டப்பாவில் 'நான்-டெய்ரி' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் சோடியம் கேசினேட் உட்கார்ந்திருக்கும்! 'லாக்டோஸ் ஃப்ரீ' பாலும் இந்தக் குழந்தைக்கு ஆகாது, சர்க்கரையை மட்டும்தான் பிரித்திருக்கிறார்கள், புரதம் அப்படியே இருக்கிறது. வீகன் முத்திரை இருந்தாலும், 'பால் கலந்திருக்கலாம்' என்ற எச்சரிக்கை வரி உண்டா என்று பார்த்துவிடுங்கள். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் என்று வந்தால் கை வைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரிதான்.

வெளிநாட்டுப் பெட்டி வந்தால்...

அமெரிக்காவிலிருந்து பிள்ளை கொண்டுவரும் பெட்டியில் புள்ளியெல்லாம் இருக்காது. அந்த ஊரில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. மெத்து மெத்தென்று இழுபடும் கரடி பொம்மை மிட்டாயும் மார்ஷ்மெல்லோவும் பெரும்பாலும் ஜெலட்டின். மாடு, பன்றி இவற்றின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது அது. பெக்டின் அல்லது அகர் அகர் என்றிருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம். சிவப்பு மிட்டாயில் கார்மைன் அல்லது 120 என்ற எண் இருந்தால் அது பூச்சியிலிருந்து எடுத்த சாயம். பார்மிசான் சீஸில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் சேர்ப்பதுதான் இத்தாலிய மரபு. அதற்காக எல்லா சீஸையும் ஒதுக்க வேண்டாம். நுண்ணுயிரிலிருந்து எடுத்த ரென்னட்டும் இருக்கிறது, பச்சைப் புள்ளி சீஸில் அதுதான். இலங்கை நண்பர்கள் ஆசையாகத் தரும் சீனிச் சம்பலில் வெங்காயத்தோடு மாசிக் கருவாடும் இருக்கலாம், கேட்டுவிட்டு வாயில் போடுங்கள்.

இவ்வளவு பார்க்கிறவர்களும் மறந்துவிடுவது மருந்து டப்பாவை. உணவுக்கான அந்தப் புள்ளி விதி மருந்துக்குக் கிடையாது. கேப்சூலின் மேல்கூடு பெரும்பாலும் ஜெலட்டின்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சைவர்களுக்கு, அதிலும் பாலையும் விட்டவர்களுக்கு, முக்கியமாகக் குறைவது பி12 வைட்டமின். காய்கறி, பருப்பு, கீரை எதிலும் அது கிடையாது. "இட்லி மாவு புளிக்குதே, அதுல வராதா?" என்பார்கள். அதை நம்பி இருக்க முடியாது. அசதி, கை கால் மதமதப்பு, மறதி என்று ஆரம்பித்து, கவனிக்காமல் விட்டால் நரம்பையே பாதிக்கும். மாத்திரைக்கான பி12-ஐ பாக்டீரியாவை வைத்துத்தான் தயாரிக்கிறார்கள். உள்ளே இருப்பது சுத்த சைவம், மூடியிருக்கும் கூடு அசைவம்!

அதனால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பல மருந்துகள் சாதா மாத்திரையாகவோ, தாவரப் பொருளில் செய்த கூட்டிலோ கிடைக்கின்றன. கேப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் கொட்டிக் குடிப்பது மட்டும் வேண்டாம். குடலில் மெதுவாகக் கரைய வேண்டிய மருந்து சில சமயம் அந்தக் கூட்டை நம்பித்தான் உள்ளே போகிறது.