கூட்டாட்சி உடன்பாடும் பூசலின் பிறப்பும்

நடுவண் அரசுக்கும் சிறுபான்மையினர் வாழும் நிலப்பகுதிக்கும் பூசல் எழுங்கால், மொழி வேறுபாடும் சமய வேறுபாடுமே அதற்குக் காரணம் என்பர் பலர். அவை பூசலுக்கு நிலைக்களனாதல் உண்மையே. ஆயினும் முதற்காரணம் ஆகா என்பதை எரித்திரிய நாட்டு வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முன்னர் இத்தாலியர்க்கும் 1941 முதல் ஆங்கிலேயர்க்கும் ஆட்பட்டிருந்த எரித்திரியா, ஐக்கிய நாடுகள் அவை 1950-இல் செய்த முடிவின்படி, 1952-இல் எத்தியோப்பியாவுடன் கூட்டாட்சி முறையில் இணைக்கப்பெற்றது. தனிச் சட்டமன்றமும் தனிக்கொடியும் அதற்கு உரியவாயின. திகிரினியாவும் அரபும் ஆட்சிமொழிகளாயின. ஆனால், கூட்டாட்சிக்கெனத் தனி அரசு அமையவில்லை. பேரரசர் ஹைலி செலாசியின் அரசே நடுவண் அரசாகவும் விளங்கிற்று. எனவே, உடன்பாட்டைக் காக்கவேண்டியவரும் அதற்குக் கட்டுப்படவேண்டியவரும் ஒருவரேயாயினர்.

இதன் விளைவு விரைவிற் புலனாயிற்று. கட்சிகள் ஒடுக்கப்பெற்றன. ஆட்சிமொழிகளின் இடத்தை அம்காரிக்கு மொழி கைக்கொண்டது. 1958-இல் தனிக்கொடி நீக்கப்பெற்றது. 1962-இல் கூட்டாட்சியே கலைக்கப்பெற்று, எரித்திரியா பேரரசின் ஒரு மாநிலமாயிற்று. அதற்கு ஓராண்டு முன்னரே, 1961-இல், படைக்கலப் போர் தொடங்கிவிட்டது.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. மேட்டுநிலக் கிறித்தவருள் பலர் 1940-களில் எத்தியோப்பியாவுடன் இணைதலை விரும்பியவர். ஆள்வோரின் சமயமே அவர்தம் சமயமும் ஆகும். பின்னர் அம்மக்களும் திரளாகப் போரிற் புகுந்தனர். வேறுபாடே காரணமாயின், இம்மாற்றத்திற்கு விளக்கம் இல்லை. உடன்பாடு முறிந்தமை கொண்டே இதனை விளக்கவியலும்.

நடுவண் அரசுக்கும் ஓர் அச்சம் இருந்தது. மசாவா, அசாப் துறைமுகங்கள் எரித்திரியாவில் இருந்தன. அப்பகுதி பிரியின் கடல்வழி அடையும் என எத்தியோப்பியர் அஞ்சினர். அவ்வச்சத்தால் உரிமைகளைக் குறைத்தனர். குறைத்தமையே பிரிவினையை வளர்த்தது. முப்பதாண்டுப் போருக்குப் பின், 1993-இல் எரித்திரியா தனிநாடாயிற்று. எத்தியோப்பியா கடற்கரை இல்லா நாடாயிற்று.

இதற்கு மறுதலையாகப் பின்லாந்தின் ஓலந்துத் தீவுகளைக் காட்டலாம். சுவீடிய மொழி பேசும் அத்தீவினர் சுவீடனுடன் சேரவே விழைந்தனர். நாடுகளின் கழகம் 1921-இல் அவர்களைப் பின்லாந்தின்கண் நிறுத்தி, மொழிக்கும் நிலவுரிமைக்கும் காப்பு அளித்தது. அவர்தம் மன்றத்தின் இசைவின்றித் தன்னாட்சிச் சட்டத்தைத் திருத்தல் இயலாது. ஆங்கும் மொழி வேறுபாடு உண்டு. படைக்கலப் போர் எழவில்லை.

ஆகவே, வழங்கப்பெற்ற உரிமைகளின் அளவைக் காட்டிலும், அவற்றை ஒருதலையாகப் பறிக்கும் ஆற்றல் எவரிடம் உள்ளது என்பதே பூசலை ஆராய்வார் முதற்கண் நோக்கத்தக்கது என்பது எம் துணிபு.